விண்வெளிப் பேய்களும் சுங்கை நிப்பாவும்



பேய்க்கதை கேட்காமல் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் மிகக் குறைவு. விடியாத இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்கள், எல்லையில் நிற்கும் முனியைப் பற்றியும் மூங்கில் புதரில் இருக்கும் மோகினியைப் பற்றியும் பேசிக்கொண்டே நடந்தார்கள். மாலையில் லயத்து வாசலில் பாட்டிமார்கள் அவற்றையே கதையாகச் சொன்னார்கள். பயந்து நடுங்கிய பிள்ளைகள் மறுநாளும் அதே கதையைக் கேட்க ஓடிவந்தார்கள்.

இன்று அந்த லயங்கள் பலவும் இல்லை. நெகிரி செம்பிலானில் சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. பிள்ளைகள் கையில் கைப்பேசி இருக்கிறது. ஆனால் பயங்கரக் கதையின் மேல் உள்ள ஆசை மட்டும் குறையவில்லை. முனிக்கும் மோகினிக்கும் பதிலாக விண்வெளிக் கப்பலில் உலவும் கோர உருவங்களையும், நோய்க்கிருமியால் எழுந்து நடக்கும் பிணங்களையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். முதலில் வீடியோ விளையாட்டாக வந்து, பிறகு சித்திரக் கதைப் புத்தகமாக அச்சான கதைகள் இவை. அட்டையைப் பார்த்த தாய்மார்கள் "இந்தக் கண்றாவியெல்லாம் எதற்கு?" என்று கேட்பதில் வியப்பில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவோம். இந்தக் கதைகள் எங்கிருந்து வந்தன? எதைக் கண்டு பயப்படச் சொல்கின்றன? தோட்டத்தில் உழைத்து வாழும் குடும்பங்களுக்கு அவற்றில் ஏதேனும் சொல்ல இருக்கிறதா? இவைதாம் இன்றைய உரையின் பொருள்.

மனிதன் எதைக் கண்டு பயப்படுகிறான் என்பது காலத்துக்குக் காலம் மாறும். நம் முன்னோர்கள் காட்டை அழித்துத் தோட்டம் போட்ட நாளில் அவர்களை அதிகம் வாட்டியது மலேரியாக் காய்ச்சல். குளிரில் உடல் தூக்கிப்போடும், நினைவு தடுமாறும், வாய் பிதற்றும். காரணம் தெரியாதவர்கள் அதைக் காத்து கருப்பு என்றார்கள். வெள்ளைக்காரர்களும் நெடுங்காலம் அதைச் சதுப்பு நிலத்தின் கெட்ட காற்று என்றே எண்ணியிருந்தார்கள். 1897-இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர், மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்பதற்கான ஆதாரத்தைக் கண்டார். 1901 முதல் கிள்ளானிலும் அதன் துறைமுகப் பகுதியிலும் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நீரை வடியவைத்துக் கொசுவைக் குறைத்தார், காய்ச்சலும் குறைந்தது. பேய் என்று நினைத்தது பூச்சியாக முடிந்தது. நோயின் உண்மைக் காரணம் தெரிந்த பிறகே அதை விரட்ட முடிந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பொருளுக்கு வருவோம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படத்தோடு பயத்தைத் தந்ததில் 'அம்புலிமாமா'வுக்குத் தனி இடம் உண்டு. 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய இதழ் அது. சுடுகாட்டு வழியே வேதாளத்தைத் தோளில் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்தார். தமிழகத்து இதழ்கள் நம் நாட்டுக் கடைகளுக்கும் வந்தமையால் அந்தப் படம் இங்கும் பலருக்கு நினைவிருக்கும். பிணத்துக்குள் புகுந்த வேதாளம் பயமுறுத்தியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கதையின் முடிவிலும் நீதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டது.

அறிவியலும் பயமும் கலந்த சித்திரக் கதை தமிழில் பரவ வழி செய்தது சிவகாசி. பட்டாசுக்கும் அச்சுத்தொழிலுக்கும் பேர்போன அந்த ஊரில், 1972-இல் சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' என்ற வெளியீட்டைத் தொடங்கினார். அதன் முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' என்ற வார இதழில் தொடங்கிய தொடரின் தமிழ் வடிவம் அது. மூலத்துக்குப் படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஒருவன் விபத்தில் கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். எஃகுக் கை மட்டும் தெரியும். தொடக்கத்தில் அவன் தீயவழியில் போகிறான். பின்னர்த் திருந்தி நல்லவர் பக்கம் சேர்கிறான். மந்திரவாதியின் இடத்தை ஆய்வுக்கூடமும், மந்திரத்தின் இடத்தை மின்சாரமும் பிடித்துக்கொண்டன. 1984-இல் அவருடைய மகன் விஜயன் 'லயன் காமிக்ஸ்' தொடங்க, ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் இத்தகைய கதைகளோடு வளர்ந்தார்கள்.

மேல்நாட்டில் இந்தக் கதைகளுக்குப் பெரிய எதிர்ப்பும் இருந்தது. 1950-இல் அமெரிக்காவின் இ.சி. நிறுவனம் பயங்கரக் கதைகளையும் அறிவியல் கதைகளையும் வரிசையாக வெளியிடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அணுகுண்டு வீழ்ந்த நினைவு ஆறவில்லை. அந்தப் பயமெல்லாம் கதைகளில் புகுந்தது. 1954-இல் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், சித்திரக் கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க மேலவைக் குழுவொன்று விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். பயங்கர இதழ்கள் மறைந்தன. 1955-இல் இங்கிலாந்தும் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யும் சித்திர இதழ்களைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. பெற்றோரின் கவலை நம் வீட்டில் மட்டும் தோன்றியதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

அடுத்து வந்தது வீடியோ விளையாட்டு. 1978-இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனத்தின் நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கினார். வானிலிருந்து அணி அணியாக இறங்கும் விண்வெளிப் பகைவரைச் சுட்டு வீழ்த்த வேண்டும். நாணயம் போட்டு ஆடும் கூடங்கள் ஆசியாவெங்கும் பெருகின. இவற்றால் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று சொல்லி, 1981-இல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் வீடியோ விளையாட்டு இயந்திரங்களையே தடைசெய்தார்.

அந்தக் காலத்து விளையாட்டுத் திரையில் தெரிந்தவை சில கட்டங்களும் புள்ளிகளுமே. யார் யாரோடு போரிடுகிறார், ஏன் போரிடுகிறார் என்று திரை சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கச் சித்திரக் கதை வந்தது. 1982-இல் அட்டாரி நிறுவனம், டி.சி. என்ற சித்திரக் கதை நிறுவனத்தோடு சேர்ந்து, 'அட்டாரி ஃபோர்ஸ்' என்ற சிறு புத்தகங்களை விளையாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தது. புள்ளியாகத் தெரிந்த கப்பலுக்குள் புத்தகம் ஆட்களை ஏற்றியது. விளையாட்டும் சித்திரக் கதையும் கைகோத்த தொடக்க நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

1993 டிசம்பரில் அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் என்ற சிறு குழு 'டூம்' என்ற விளையாட்டை வெளியிட்டது. செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றும் நிலாக்களில் ஒரு கம்பெனி ஆராய்ச்சி நடத்துகிறது. ஓரிடத்திலிருந்து மறைந்து மற்றோரிடத்தில் தோன்றும் வழியைத் தேடும்போது நரகத்தின் வாசல் திறந்துகொள்கிறது. அங்கே வேலை செய்தவர்கள் மாண்டுபோகிறார்கள். எஞ்சியவன் ஒரு சிப்பாய். 1996-இல் மார்வெல் நிறுவனம் இதைப் பதினாறு பக்கச் சித்திரக் கதையாக அச்சிட்டது. சுடுவதைத் தவிர அதில் கதை என்று சொல்ல அதிகமில்லை. இந்த வகையில் வந்த புத்தகங்கள் எல்லாம் சிறந்தவை என்று நாம் சொல்ல வரவில்லை.

அதே 1996-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு, அந்நாட்டில் 'பயோஹசார்ட்' என்றும் பிற நாடுகளில் 'ரெசிடென்ட் ஈவில்' என்றும் பெயர் பெற்றது. வெளியே மருந்துக் கம்பெனி. உள்ளே இரகசியக் கிருமி ஆராய்ச்சி. பக்கத்து நகரத்தில் பலருக்கு வேலை கொடுப்பதும் அதே கம்பெனிதான். கிருமி தப்பிவிடுகிறது, மாண்டவர்கள் எழுந்து நடக்கிறார்கள். 1998-இல் அமெரிக்காவின் வைல்ட்ஸ்டார்ம் நிறுவனம் இதைச் சித்திர இதழாக வெளியிட்டது. 2012-இல் ஜப்பானிய ஓவியர் செரிஸாவா நாவோகி, 'மர்ஹாவா டிசையர்' என்ற தொடரை வரைந்தார். ஆசியக் காடு ஒன்றின் நடுவே ஒரு பெரிய பள்ளிக்கூடம். ஒரு மாணவி கொடிய நோய்க்கு ஆளாகிறாள். பள்ளியின் பெயர் கெட்டுவிடுமே என்று தலைமையம்மையார் செய்தியை வெளியே விடாமல், தமக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவரை மட்டும் இரகசியமாக வரவழைக்கிறார். நோய் வளர்கிறது.

2008-இல் வந்த 'டெட் ஸ்பேஸ்' நம் கவனத்துக்கு இன்னும் உரியது. விளையாட்டு வருவதற்குச் சில மாதம் முன்பே அதன் முன்கதை ஆறு சித்திர இதழ்களாக வந்துவிட்டது. எழுதியவர் ஆண்டனி ஜான்ஸ்டன். வரைந்தவர் பென் டெம்பிள்ஸ்மித். தொலைதூரக் கிரகம் ஒன்றில் ஒரு கம்பெனியின் சுரங்கக் குடியிருப்பு. கம்பெனி கொடுத்த வீடு, கம்பெனியின் மருத்துவர், கம்பெனியின் காவலர். தொழிலாளர்கள் மண்ணுக்கடியில் ஒரு விசித்திரத் தூணைக் கண்டெடுக்கிறார்கள். அதன்பின் குடியிருப்பில் தூக்கம் போகிறது, சண்டை மூள்கிறது, கொலை விழுகிறது. அந்த இடத்தில் சுரங்கம் தோண்டுவதே சட்டத்துக்குப் புறம்பானது. அந்தத் தூண் எத்தகையது என்று ஓரளவு அறிந்தவர்கள் மேலிடத்தில் இருந்தும், மண்வெட்டியவர்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

நேயர்களே, இந்தக் கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். கோர உருவங்கள் வேறு வேறு. ஆனால் பெரும்பாலும் இடம் ஒன்றே. ஒரு நிறுவனத்தை நம்பி வாழும் ஒதுக்குப்புறக் குடியிருப்பு அது. முதலில் சாகிறவர்கள் அங்கே வேலை செய்கிறவர்கள். பேய் வாசலுக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே ஒரு செய்தி மறைக்கப்பட்டிருக்கிறது. வேலையும் வீடும் மருத்துவமும் ஒரே கம்பெனியிடமிருந்து பெற்று வாழ்ந்த நம் தோட்டத்து மக்களுக்கு இந்த இடத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிரட்டுக்குப் போன எவருக்கும் அது தெரியும்.

இது வெறும் கற்பனைதானே என்று கேட்கலாம். அதற்கு நம் மாநிலத்தின் வரலாறே பதில் சொல்லும். ரெசிடென்ட் ஈவில் சித்திர இதழ் கடைக்கு வந்த அதே 1998-ஆம் ஆண்டில், செப்டம்பர் வாக்கில், ஈப்போ அருகே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. பன்றிகள் ஊருக்கே கேட்கும்படி குரைப்பது போல் இருமின. இது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசு மருந்து புகை அடித்தார்கள்; தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. அச்சமடைந்த பண்ணைக்காரர்கள் வந்த விலைக்குப் பன்றிகளை விற்றார்கள். நோயும் அவற்றோடு லாரி ஏறித் தெற்கே வந்தது. சிரம்பான் அருகே சீக்காமாட்டிலும், பிறகு போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக்கிலும் மக்கள் விழுந்தார்கள். வீடுகளைப் பூட்டிவிட்டுக் குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்தார்கள்.

சில உண்மைகள் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு நெருங்கி வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசு எல்லாரையும் கடிக்கும். பண்ணைக்குள் போகாத அண்டை வீட்டாரோ நலமாக இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங், நோயாளியின் மாதிரியிலிருந்து ஒரு புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அதை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குத் தாமே கொண்டுசென்றார். உலகம் அதுவரை அறியாத கிருமி என்பது உறுதியாயிற்று. அந்த நோயாளியின் ஊர் புக்கிட் பெலாண்டோக் பக்கத்துச் சுங்கை நிப்பா. கிருமிக்கு நிப்பா என்று பெயர் வைத்தார்கள். அதைச் சுமந்து திரிவது பழந்தின்னி வௌவால். தொழுவத்துக்கு மேல் நின்ற பழமரத்திலிருந்து அது கடித்துப் போட்ட பழத்தின் வழியே பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதனுக்கும் வந்தது என்று பின்னர்த் தெளிந்தார்கள்.

மலேசியாவில் 265 பேர் நோயுற்றதாகவும் 105 பேர் மாண்டதாகவும் கணக்கு. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத்துத் தொழிலாளர்கள் 11 பேர் நோயுற்று, ஒருவர் இறந்தார். 2011-இல் வந்த 'கண்டேஜியன்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தில் வரும் கிருமிக்கு இந்த நிப்பாவே முன்மாதிரி. உலகத்துப் பயங்கரக் கதைக்கு நம் நெகிரி செம்பிலானும் ஓர் உருவம் கொடுத்திருக்கிறது. அதற்கு நம் மக்கள் கொடுத்த விலை பெரிது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் நியாயமாகச் சொல்லவேண்டும். கதைகளில் ஒரு சதிக்கூட்டம் செய்தியை மறைக்கிறது. நிப்பாவில் நடந்தது சதியன்று. நோய்க்குத் தவறான பெயர் வைத்ததும், பயந்தவர்கள் அவசரப்பட்டதும்தான். ஆனால் முதலில் மாண்டவர்கள் யார்? விலங்கோடு நின்று வேலை செய்தவர்கள். நோயின் உண்மைக்கு வழிகாட்டிய தடயம் எங்கே இருந்தது? அவர்கள் என்ன வேலை செய்தார்கள், யார் விழுந்தார்கள், யார் விழவில்லை என்ற சாதாரணச் செய்தியில் இருந்தது. தொழிலாளி கண்டதைச் சொல்வதும், சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்பதும் எத்தனை உயிர்களைக் காக்கும் என்பதற்கு இது சான்று.

தோட்டத்தில் மருந்தடிக்கும் நம் பெண்களுக்கும் இது பொருந்தும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி பல்லாண்டுகள் செம்பனைத் தோட்டங்களில் புழங்கியது. தவறி உள்ளே போனால் நுரையீரலைக் கெடுத்து உயிரைப் பறிக்கும் நஞ்சு அது. அதை நிறுத்துவதாக 2002-இல் அரசாங்கம் அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடைசெய்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் அந்தத் தோம்பைத் தோளில் சுமந்தவர்களுள் எத்தனை பேருக்கு அதற்குள் இருப்பது என்ன என்று எடுத்துச் சொல்லப்பட்டது? விண்வெளிச் சுரங்கத்தில் தூணைக் கண்டெடுத்த தொழிலாளியின் கேள்வியும் இதுதான்.

இன்று சட்டம் ஓரளவு துணைநிற்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, தொழிலாளிக்குத் தகவலும் பயிற்சியும் கொடுப்பது முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தம், உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாகத் தக்க காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகலாம் என்கிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்பது அதைவிட நல்லது.

இனி, அந்தத் தாய்மாரின் கேள்விக்கு வருவோம். இந்தப் புத்தகங்களைப் பிள்ளைகள் படிக்கலாமா? சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதே நம் கருத்து. 1994 முதல் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளுக்கு வயதுக் குறியீடு போடுகிறார்கள். நாம் பேசிய 'டூம்', 'ரெசிடென்ட் ஈவில்', 'டெட் ஸ்பேஸ்' ஆகியவை அங்கே 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு என்று குறிக்கப்பட்டவை. அட்டையில் உள்ள அந்தக் குறியைப் பார்த்து வாங்குங்கள். இரத்தமும் சதையும் மட்டுமே நிறைந்த புத்தகத்தால் யாருக்கும் பயனில்லை.

வளர்ந்த பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால், பிடுங்கி எறிவதால் பயனில்லை. விதித்தொகுப்பும் சட்டமும் தடையும் வந்தபின்பும் இத்தகைய கதைகள் வேறு உருவில் திரும்பி வந்தன என்பதை இப்போதுதான் பார்த்தோம். அதற்குப் பதிலாகப் பக்கத்தில் உட்கார்ந்து, வேதாளம் கேட்டது போல ஒரு கேள்வி கேளுங்கள். இந்தக் கதையில் பேய் வருமுன் யாருக்கு உண்மை தெரிந்திருந்தது? அவர்கள் யாரிடம் அதைச் சொல்லாமல் விட்டார்கள்? பிள்ளை பதில் சொல்லட்டும். பிறகு சுங்கை நிப்பாவின் வரலாற்றை நீங்கள் சொல்லுங்கள். நம் மாநிலத்தில் நடந்த அந்த வரலாறு பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. அதை வீட்டில் முதலில் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தாம்.